நாற்காலி அக்காவைக் கேட்காமல் அளந்த அறை

ஆமாம் அக்கா, அந்த அறை விஷயத்துக்குத்தான் வருகிறோம்! அதற்குள் கைப்பையைத் தேடாதீர்கள். அது கணக்கம்மாவின் காலடியில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் பாதியில் எழுந்து போய்விடக்கூடாது என்று வேண்டுமென்றேதான் அங்கே கொண்டுபோய் வைத்தோம். இந்த வாழ்த்து மடலை முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அப்புறம் திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

படுத்துப் பார்க்காமல் பதில் எழுதாத பண்பே! பல் மருத்துவர்கள் பல்லைக் கடித்து எழுதிய புகாரையும் பதறாமல் படித்த பொறுமையே! குறை சொல்லி வந்த கடிதம் ஒன்றைக்கூடக் குப்பைக் கூடைக்குக் கொடுக்காத குணமே! எந்த ஊரிலோ, எந்த விளக்கின் கீழோ, வாயைத் திறந்தபடி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி படுத்திருக்கும் முகம் தெரியாத நோயாளிக்கும் எங்கள் தொழிற்சாலைக்குள் பேசுவதற்கு ஒரு நாக்கு உண்டு என்று காட்டிய எங்கள் நாற்காலி அக்காவே! வணக்கம், வணக்கம், இன்னொரு தரம் வணக்கம்!

இதற்கு மேல் மோனையில் போனால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். நேரே வருகிறோம்.

அரங்கில் வீட்டுக்காரர்களும் விருந்தினர்களும் இருக்கிறீர்கள், உங்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் செய்வது பல் மருத்துவமனை நாற்காலி. மிதியை அழுத்தினால் ஏறும், இறங்கும், சாயும். எங்கெங்கோ இருக்கும் மருத்துவமனைகளுக்குப் பெட்டியில் போகும். போன இடத்திலிருந்து புகார் வரும். புகார் ஆங்கிலத்தில் வரும், பதிலும் ஆங்கிலத்தில் போகும். நாள் முழுக்கத் தமிழில் பேசி, சிரித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும் அலுவலகம் எங்களுடையது. அந்தப் பதில்கள் எல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்காவின் மேசையிலிருந்துதான் புறப்பட்டன.

வேறு யாராக இருந்தாலும் புகாரைப் படித்ததும், ‘தங்கள் கடிதத்துக்கு நன்றி, கவனிக்கிறோம்’ என்று தட்டிவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பார்கள். நீங்களோ அக்கா, கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடைகூடத்தின் கடைசியில் இருக்கும் சோதனை அறைக்கு நடப்பீர்கள். மங்கலான கண்ணாடி போட்ட ஒற்றை ஜன்னல். ரப்பர் விரித்த தரை. தலைக்கு மேல் கொக்கு மாதிரி வளைந்து நிற்கும் விளக்கு. நடுவே, எத்தனையோ குதிகால்கள் பட்டுத் தேய்ந்த மெத்தையோடு ஒரு நாற்காலி. புகாரில் ‘கழுத்து வலிக்கிறது’ என்று இருந்தால் உங்கள் கழுத்து வலிக்கும் வரை படுத்திருப்பீர்கள். ‘சத்தம் வருகிறது’ என்று இருந்தால் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பீர்கள். எழுந்த பிறகுதான் எழுத்து.

நீங்கள் மட்டுமா படுத்தீர்கள்? கையில் கிடைத்தவர்களையெல்லாம் படுக்கவைத்தீர்கள்! மேலாளர் சார் புதிதாக வந்த நாட்களில், நோயாளிகளுக்கு இடது கை மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவமனை எழுதியது. “தம்பி, சும்மாதானே இருக்கீங்க, வந்து படுங்க” என்று கூப்பிட்டீர்கள். அப்போதிலிருந்தே அவர் உங்களுக்குத் தம்பி, நீங்கள் அவருக்கு அக்கா. பதவியில் அவர் மேலே என்பதெல்லாம் காகிதத்தோடு சரி. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தவர், இடது கையால் தேநீர்க் கோப்பையை எடுத்து நேராகத் தன் சட்டைக்கே ஊட்டினார். அந்தச் சட்டை போனது. கைப்பிடியின் விளிம்பு மாறியது. அதற்கப்புறம் அந்தப் புகார் எங்கிருந்தும் வரவில்லை.

இனி நடந்த கதை. உங்கள் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று உங்களிடம் யாரும் சொல்லவே இல்லையே, அதனால் இதை மேலாளர் சாரின் பக்கத்திலிருந்து சொல்கிறோம். எல்லாம் அவரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னது. மேடையில் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார், முழுச் சம்மதத்தோடு. முகம் கொஞ்சம் சிவந்திருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நீங்கள் ஓய்வு பெறும் இந்த விழாவைத் திட்டமிட ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கினோம். அலுவலகத்தில் இருக்கும் எல்லோரும் அதில் உண்டு. உங்கள் விழாவில் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்தால் என்ன சுவை? அதனால் உங்களை மட்டும் சேர்க்கவில்லை. இது வரைக்கும் எல்லாம் ஆசையால் செய்ததுதான்.

அதே வாரத்தில் முதலாளி ஒன்று கேட்டார். வெளியிலிருந்து வருகிறவர்களை உட்காரவைக்க இடம் இல்லை, பெட்டி அடுக்கும் இடத்தில் நிற்கவைத்தே பேச வேண்டியிருக்கிறது, சோதனை அறையை எடுத்துக் கூட்ட அறை ஆக்கிவிடலாமா, எல்லோரையும் கலந்து சொல்லுங்கள் என்றார். கேட்டது நியாயம்தான். மேலாளர் சார் கூட்டத்துக்கு அழைப்பு அடித்தார். எல்லோருக்கும் போக வேண்டும், கைக்கு அருகில் எல்லோரும் உள்ள குழு ஒன்று இருக்கிறது, தட்டினார், போய்விட்டது. அவர் தட்டியது உங்கள் விழாவுக்கான குழு, அக்கா!

கூட்டத்துக்கு எல்லோரும் வந்தோம். நீங்கள் இல்லை. அதை ஒவ்வொருவரும் பார்த்தோம், ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். நாற்காலிகளைப் பெட்டியில் கட்டும் பெட்டி அண்ணன், நீங்கள் விடுப்பு என்று நினைத்தார். படம் வரையும் வரைபடத் தம்பி, உங்களிடம் சார் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கியிருப்பார் என்று நினைத்தார். கணக்கு எழுதும் கணக்கம்மா, உங்கள் இத்தனை வருடத் தோழி, போகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று நீங்களே ஒதுங்கியிருப்பீர்கள் என்று நினைத்தார். மேலாளர் சார் மட்டும் எதையும் நினைக்கவில்லை, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. சுவரை எடுத்துவிடலாம், நாற்காலியைக் கிடங்கில் போட்டுவிடலாம்.

அடுத்து நடந்ததை அளக்க வந்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீங்கள் ஏதோ புகாருக்காக அந்த நாற்காலியில் படுத்திருந்தீர்கள். அவர் நாடாவோடு உள்ளே வந்தார்.

“அம்மா, கொஞ்சம் இறங்குங்க. நாற்காலிக்குப் பின்னாடி அளக்கணும்.”

“எதுக்குப்பா?”

“எல்லாரும் கூட்டம் போட்டுச் செவுத்தை எடுக்கறதா முடிவு பண்ணிட்டாங்களே, தெரியாதா? நீங்க யாரு, வைத்தியம் பார்க்க வந்தவங்களா?”

நீங்கள் இறங்கினீர்களாம். அவருக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று நாடாவின் மறுமுனையை நீங்களே பிடித்துக்கொண்டீர்களாம். அளந்து முடிந்ததும் நாற்காலியைத் துடைத்து, உறை போட்டு மூடி, மேசைக்கு வந்து, பாதியில் நின்ற பதிலை எழுதி முடித்தீர்கள். அந்த நாடாவை நீங்கள் பிடித்ததைக் கேட்டபோது பெட்டி அண்ணன் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார், அக்கா.

மாலையில் கணக்கம்மாவைப் பிடித்தீர்கள்.

“நீ போயிருந்தியாடி அந்தக் கூட்டத்துக்கு?”

“போனேன்.”

“சரி. விழாவுக்கு நான் வரலைன்னு சொல்லிடு.”

“என்னடி பேசற? உனக்குத்தானேடி விழா!”

“என்னை விட்டுட்டு முடிவெடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு, என்னை விட்டுட்டு விழா நடத்தவும் தெரியும்.”

இது அப்படியே சாரின் காதுக்குப் போனது. அவர் தன் அழைப்பைத் திறந்து, யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தார். ஒரு தரம் பார்த்தார், மறுபடி பார்த்தார். எல்லோர் பெயரும் இருந்தது, உங்கள் பெயர் மட்டும் இல்லை. எழுந்து நேரே உங்களிடம் வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நம் சாரின் பட்டப்பெயர் சிவப்பு மை ஆயிற்றே! தட்டச்சு ஆன எதையும் சிவப்புப் பேனா படாமல் வெளியே விடாதவர். இவ்வளவு பெரிய தவற்றுக்கு வாய்வார்த்தை போதாது, முறையாக, பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மன்னிப்புக் கடிதம் என்றால் முதலில் வரைவாக எல்லோரையும் சுற்றி வரும், ஆளுக்கொரு திருத்தம் சொல்வோம், பெறுநர் இடம் காலியாகவே இருக்கும். முன்பு ஒரு வரைவு, ‘இந்த டாக்டருக்கு மிதிக்கவே தெரியவில்லை’ என்ற எங்கள் குறிப்போடு அந்த டாக்டருக்கே பறந்துவிட்டதே, அன்றிலிருந்து பெயரைக் கடைசியில்தான் போடுகிறோம். இந்த வரைவும் அப்படியே புறப்பட்டது.

அப்பப்பா, அந்த வரைவு கிளப்பிய அமளி! ஒருவரை விட்டுவிட்டோம் என்று ஆங்கிலத்தில் சொல்ல எத்தனை வழி இருக்கிறது தெரியுமா அக்கா? எங்களுக்கும் தெரியாது, அந்த வாரம் வரைக்கும்!

சாரின் முதல் வரைவில், ‘யூ மே பி ஃபீலிங் லெஃப்ட் அவுட்’ என்று இருந்தது. கணக்கம்மா காகிதத்தோடு அவர் அறைக்குள் புகுந்தார்.

“என்ன சார் இது? நீங்க ஒதுக்கப்பட்ட மாதிரி ‘உணரலாம்’னா என்ன அர்த்தம்? ஏதோ அவளுக்கு மனசு சரியில்லாம போய் என்னவோ தோணிடுச்சு, நாம ஆறுதல் சொல்றோம்ங்கற மாதிரி இருக்கு. தோணல் இல்ல சார், நெசமாவே விட்டுட்டோம்!”

ஃபீலிங் போனது. வரைபடத் தம்பி, ‘அவுட் ஆஃப் த லூப்’ என்று போடலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார்.

“லூப்னா என்ன தம்பி?” என்றார் பெட்டி அண்ணன்.

“வளையம்ணே. தகவல் ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குச் சுத்தி வருதில்ல, அந்த வளையம். அதுக்கு வெளியில நின்னா அவுட் ஆஃப் த லூப்.”

“வெளியிலயா நின்னாங்க? அவங்க அறையைப் பத்தித்தானேப்பா பேசினோம். நடுவுல நிக்கவேண்டியவங்களை வெளியில நின்னாங்கன்னு எழுதினா எப்படி?”

“அண்ணன் சொல்றதும் சரிதான். லூப்னா சேதி தெரியலேன்னு மட்டும்தான் வரும். அவங்களை ஒரு வார்த்தை கேட்கலைங்கறது வராது” என்று வரைபடத் தம்பியே ஒப்புக்கொண்டார்.

அடுத்து யாரோ, ‘லெஃப்ட் அவுட் இன் த கோல்ட்’ என்றார்கள், குளிரில் வெளியே நிறுத்திவிட்டதாக.

“அவ மேசைக்கு நேர் மேலதான் ஏசி ஓடுது, பொருத்தமாத்தான் இருக்கு” என்றார் கணக்கம்மா.

“சும்மா இருங்கம்மா. அப்படி எழுதினா வேணும்னே புறக்கணிச்சோம்னு ஆயிடும்” என்று சார் அதை அடித்துவிட்டு, ‘தெரியாமல் நேர்ந்த’ என்று பொருள் வரும் நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொருகினார். கணக்கம்மா அதை உருவினார். சார் மறுபடி சொருகினார். இருட்டில் வைத்துவிட்டோம், கவனிக்கத் தவறிவிட்டோம், சேர்க்க மறந்துவிட்டோம் என்று பதமெல்லாம் வரிசை கட்டி வந்து, ஒவ்வொன்றாகச் சிவப்பாகித் திரும்பிப் போயின. பொய் சொல்லவில்லை அக்கா, எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை! ஒரு சொற்றொடருக்காக அலுவலகமே ஒன்றுகூடி இப்படி மல்லுக்கட்டியதை நாங்கள் பார்த்ததே இல்லை.

நீங்கள் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தீர்கள். தண்ணீர் பிடிக்க எழுந்து வந்தால் எங்கள் பேச்சு சட்டென்று நின்றுவிடும். நீங்கள் புட்டியை நிரப்பிக்கொண்டு போன பிறகுதான் மறுபடி தொடங்கும். சாரை நீங்கள் ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தீர்கள். ஒவ்வொரு ‘சாரும்’ ஊசி மாதிரி இருந்தது என்கிறார். ஊசி குத்தக் குத்த வேகமாகத் திருத்தினார், பாவம். கடிதம் சரியாக அமைந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு வரைவு எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சார் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு நின்றபடி வாசித்துக் காட்டினார். அண்ணி முன்வரிசையில்தான் இருக்கிறார், நடந்தது இப்படித்தானா என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

“எப்படி இருக்கு?”

“இங்கிலீஷெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவங்க என்ன சொன்னாங்க?”

“எல்லாருமே சரின்னுட்டாங்க. கணக்கம்மா மட்டும் ஒரு வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கறாங்க.”

“அவங்களைக் கேட்கலீங்க. அக்கா என்ன சொன்னாங்க?”

“அக்காவுக்கு இன்னும் அனுப்பலையே.”

மனைவி மடித்த சட்டையைக் கீழே வைத்தார்.

“இந்தக் கடுதாசி யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஆபீஸ்ல எல்லாருக்கும்.”

“இப்ப எனக்கும் தெரியும். அப்ப யாருக்குத்தாங்க தெரியாது?”

சார் காகிதத்தின் தலைப்பக்கத்தைப் பார்த்தார், பெயர் போடும் இடம் காலியாகவே இருந்தது.

“ஒருதரம் விட்டது பத்தலைன்னு, விட்டதுக்கு மன்னிப்பு கேட்கறதுலயும் அவங்களை விட்டாச்சா? பிழையில்லாத ஆள்தாங்க நீங்க!”

அப்படியே கட்டிலில் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று கேள்வி. மடித்ததெல்லாம் கசங்கி, அதற்கு வேறு தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

மறுநாள் காலையில் சார் அந்தக் காகிதத்தோடு உங்கள் மேசைக்கு வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தோம்.

“என்ன சார்?”

“அக்கா, இது... உங்களுக்குத்தான்.”

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். மறுபடி முன்பக்கம் வந்தீர்கள்.

“எனக்குன்னு எப்படி சார் தெரியும்? மேல பேரே இல்லையே.”

“கடைசியில போடலாம்னு...”

“எல்லார் கையெழுத்தும் ஓரத்துல இருக்கு. இது கணக்கம்மாவோட கிறுக்கல். இது வரைபடத் தம்பியோடது. எல்லாரும் பார்த்த கடுதாசியா? நான் தண்ணி பிடிக்க வந்தா எல்லாரும் வாயை மூடினது இதுக்குத்தானா?”

சார் தலையை மட்டும் ஆட்டினார்.

“வாங்க” என்று எழுந்தீர்கள். சோதனை அறைக்கு நடந்தீர்கள். அவர் பின்னாலேயே வந்தார். உறையை எடுத்தீர்கள்.

“படுங்க.”

“அக்கா, இப்ப எதுக்கு...”

“ஒரு புகார் வந்திருக்கு. படுத்துப் பார்க்காம நான் என்னைக்காவது பதில் எழுதியிருக்கேனா? படுங்க. வாயைத் திறங்க. நான் சொல்ற வரைக்கும் மூடக்கூடாது.”

படுத்தார். விளக்கை முகத்துக்கு நேரே இழுத்துவிட்டீர்கள். பிறகு வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்களையெல்லாம் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைச் சுற்றி நிற்கவைத்தீர்கள்.

“ஏண்டி, இவரோட மேசையை எங்க போடலாம்?” என்று அவர் தலைக்கு மேலே கணக்கம்மாவைக் கேட்டீர்கள். கணக்கம்மாவுக்குச் சொல்லியா தர வேண்டும்!

“கழிவறைக் கதவுக்கு எதுத்தாப்பல காலியாத்தான் இருக்கு.”

“அண்ணே, இவர் அறை பெட்டி வைக்க ஆகுமா?”

“தாராளமா ஆகும்மா. ஜன்னலை மட்டும் அடைச்சிட்டாப் போதும்.”

“அந்தச் சிவப்புப் பேனா?”

“வரைபடத் தம்பிக்குக் குடுத்திடலாம். இவருக்கு இனிமே எதுக்கு?” என்றார் கணக்கம்மா.

“ஆ... ஆ...” என்றார் சார்.

“அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமாக்கா?” என்றார் வரைபடத் தம்பி, நிஜமான அக்கறையோடு.

“எதுக்குப்பா? படுத்திருக்கார் பாவம். தொந்தரவு பண்ணாதீங்க.”

முதலில் சாருக்குச் சிரிப்புத்தான் வந்ததாம். எழுந்திருக்கப் பார்த்தார், நீங்கள் மிதியை அழுத்தினீர்கள், நாற்காலி இன்னும் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே இருந்து பார்த்தால் எங்கள் முகமெல்லாம் தலைகீழாக, தாடையும் மூக்குத் துவாரமுமாகத் தெரிந்ததாம். “எல்லாரும் என்னைப் பத்தித்தான் பேசறீங்க, ஒருத்தர்கூட என்கிட்ட பேசல. விளையாட்டுன்னு தெரிஞ்சும் எழுந்து ஓடிடலாமான்னு இருந்துச்சு” என்று பிறகு சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

நீங்கள் விளக்கை அணைத்தீர்கள். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டீர்கள்.

“எழுந்திருங்க தம்பி.”

தம்பி! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கணக்கம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தூசி என்று சொன்னார். அந்த அறையில் நீங்கள் தூசி விட்டால்தானே!

சார் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தபடியே பேனா கேட்டார். நீலப் பேனா. வரைவின் பின்பக்கத்தில், முதல் வேலையாக, மேலே உங்கள் பெயரை எழுதினார். அதன் கீழே, ‘வீ லெஃப்ட் யூ அவுட்’ என்று எழுதினார். நாங்கள் உங்களை விட்டுவிட்டோம். அவ்வளவுதான். உணரலாம் இல்லை, தெரியாமல் இல்லை, வளையம் இல்லை, குளிர் இல்லை. விட்டது யார் என்று இருக்கிறது, விடப்பட்டது யார் என்று இருக்கிறது, போய்ச் சேரவேண்டியவர் பெயர் தலையில் இருக்கிறது. எங்கள் அலுவலகம் இதுவரை எழுதிய ஆங்கிலத்தில் இவ்வளவு சரியான பிரயோகம் வேறு இல்லை என்று அடித்துச் சொல்வோம்! அடுத்த வரியில், அறையை என்ன செய்யலாம் என்று உங்களைக் கேட்டு எழுதி, உங்கள் கையில் கொடுத்தார். யாருக்கும் காட்டவில்லை. திருத்தம் கேட்கவில்லை.

நீங்கள் வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டீர்கள்.

“மன்னிப்பு சரி தம்பி. கேள்விக்கு இங்க பதில் சொல்ல மாட்டேன். எல்லாரும் கூடி எடுத்த முடிவு, எல்லாரும் கூடியிருக்கற இடத்துல கேளுங்க. விழாவுக்கு வர்றேன்.”

வந்துவிட்டீர்கள் அக்கா! இதோ எங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள்! இந்த மகிழ்ச்சியை எந்த மொழியின் எந்தச் சொற்றொடரில் அடைப்பது?

முறைப்படி உங்கள் பெருமைகளை அடுக்க வேண்டிய இடம் இது. கோபமாக வந்த கடிதத்துக்கும் குளிர்ச்சியாகப் பதில் தந்த கை உங்களுடையது. ஆனால் குளிர்ச்சிக்காகக் குறையை மறைத்ததில்லை. தவறு நம்முடையது என்றால் முதல் வரியிலேயே எழுதுவீர்கள். தவறு அவர்களுடையது என்றால் கடைசி வரியில், வலிக்காமல் எழுதுவீர்கள். மேல்மாடிக்கு ஒரு முகம், பெட்டி கட்டும் இடத்துக்கு ஒரு முகம் என்று உங்களிடம் இரண்டு இருந்ததில்லை. உங்களிடம் திட்டு வாங்காதவர் எங்களில் இல்லை. திட்டு வாங்கிய அன்றே உங்கள் சாப்பாட்டில் பங்கு வாங்காதவரும் இல்லை. இன்னும் இருக்கிறது, ஆனால் நீங்கள் முறைக்கிறீர்கள், நிறுத்திக்கொள்கிறோம்.

பல் ஆடாமல், முதுகு பிடிக்காமல், பார்வை மங்காமல், பிறர் சொல்லி எந்த நாற்காலியிலும் படுக்க நேராமல், உங்களுக்குப் பிடித்த நேரத்தில் எழுந்து, பிடித்ததைப் படித்து, பிடிக்காததற்கு நீளமான புகார்க் கடிதங்கள் எழுதிக்கொண்டு, பல்லாண்டு நலமோடு நீங்கள் வாழ வேண்டும். அந்தப் புகார்களுக்குப் பதில் எழுதும் பாக்கியம் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு, உங்களை ஒருமுறை விட்டுவிட்டு, இனி விடுவதாக இல்லாத உங்கள் அலுவலகத்தார், மேலாளர் முதல் பெட்டி அண்ணன் வரை, எல்லோரும்.

கையெழுத்துப் போட்டுவிட்டோம், ஆனால் மடல் முடியவில்லை. அடியில் அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறோம், பாருங்கள். நீங்கள் சொல்வதை அங்கே எழுதிய பிறகுதான் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கச் சொல்லியிருக்கிறோம். சுவர் இன்னும் நிற்கிறது. முதலாளியும் முதல் வரிசையில் காத்திருக்கிறார். வருகிறவர்களை உட்காரவைக்க இடம் வேண்டும் என்பதும் உண்மை, அந்த அறை இல்லாமல் நாங்கள் எப்படிப் பதில் எழுதுவோம் என்று பயமாக இருப்பதும் உண்மை. இடிக்கலாமா, அப்படியே வைக்கலாமா, வேறு இடத்துக்கு மாற்றலாமா, எங்களுக்குத் தோன்றாத ஏதாவது உங்களுக்குத் தோன்றுகிறதா? ஒலிவாங்கியை உங்களிடம் தருகிறோம், யாரும் குறுக்கே பேச மாட்டோம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுங்கள் அக்கா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?